பழைய காசு மெஷின்களுக்கு விலை எங்கிருந்து வருகிறது?

பழைய வெண்டிங் மெஷின் (காசு போட்டால் பொருள் தருவது), பின்பால் (சாய்ந்த பலகையில் உருளும் பந்தைத் தட்டி விளையாடுவது), வீடியோ கேம் பெட்டி, பொம்மை பிடிக்கும் மெஷின் போன்றவற்றை விற்கும் விளம்பரங்களைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு ஒரு வரி நன்றாகப் பழகியிருக்கும்: "கடைசியாக பிளக்கைப் பிடுங்கியபோது நன்றாக ஓடிக்கொண்டிருந்தது." பெரும்பாலும் இது பொய்யாக இருக்காது. ஆனால் அந்தக் கடைசித் தடவை எப்போது, அதற்கப்புறம் மெஷின் எங்கே கிடந்தது, ஈரம் ஏறியதா, எலி புகுந்ததா, உள்ளே இருந்த பேட்டரியை யாராவது கழற்றி வைத்தார்களா என்பதையெல்லாம் அந்த வரி சொல்வதில்லை, விலை நிற்பதோ அவற்றின் மேல்தான்.

ஒரே மெஷினுக்கு இரண்டு பேர் சொல்லும் விலை மலைக்கும் மடுவுக்குமாக இருப்பதைப் பார்த்துப் புதிதாக வருகிறவர்கள் குழம்பிப்போகிறார்கள். காரணம், வாங்க வருகிறவர்கள் ஒரே ஆள் இல்லை. ஓரிடத்தில் நிறுத்திச் சம்பாதிக்க வேண்டும் என்று வருபவர் ஒருவர். சின்ன வயதில் விளையாடியது, வீட்டில் ஒன்று இருக்கட்டும் என்று வருபவர் இன்னொருவர். தன்னிடம் இருக்கும் வேறொரு மெஷினுக்கு ஒரு சர்க்யூட் போர்டோ மோட்டாரோ வேண்டும் என்று வருபவர் மூன்றாமவர். மூன்று பேரும் மூன்று கணக்குப் போடுவார்கள், ஆனால் அடியில் கேட்பது ஒரே கேள்வியைத்தான்: இது நாளைக்கு நின்றுபோனால் மறுபடி ஓட வைக்க முடியுமா, அதற்கான சாமான் கிடைக்குமா? இந்தக் கேள்விக்கான பதில்தான் விலை என்று நான் நினைக்கிறேன். வயது, பளபளப்பு, பக்கவாட்டுப் படங்களின் அழகு எல்லாம் அதற்கு அடுத்த வரிசைதான்.

இந்த மெஷின்களில் பெரும்பாலானவை வீட்டுக்காகச் செய்யப்பட்டவை இல்லை என்பதை முதலில் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். 1931-ல் அமெரிக்காவில் டேவிட் காட்லீப் 'பேஃபிள் பால்' என்ற பின்பாலை வெளியிட்ட காலத்திலிருந்தே இந்தத் தொழிலில் தயாரிப்பாளர், ஆபரேட்டர், இடத்துக்காரர் என்று மூன்று தரப்பு உண்டு. தயாரிப்பாளரிடம் மெஷினை வாங்கும் ஆபரேட்டர் அதை இன்னொருவருடைய இடத்தில் கொண்டுபோய் வைப்பார், பெட்டியில் விழும் காசை இருவரும் பங்கு போட்டுக்கொள்வார்கள். வரும்படி குறைந்தால் மெஷின் அதைவிடச் சுமாரான இடத்துக்குப் போகும், அங்கேயும் படுத்துவிட்டால் குடோனுக்கு. நாம் பார்க்கும் பழைய மெஷின்களில் பாதிக்கு மேல் இந்தப் படிகளையெல்லாம் இறங்கி வந்தவைதான் என்று வைத்துக்கொண்டு பார்ப்பது நல்லது. நடுவில் எத்தனையோ கைகள் பட்டிருக்கும், அவசரத்துக்கு ஒயரை முறுக்கி ஒட்டியிருப்பார்கள், ஃபியூஸ் போக வேண்டிய இடத்தில் கம்பியைக் கட்டியிருப்பார்கள். ஓடாத ஒவ்வொரு நாளும் நஷ்டம் என்று இருந்தவர்கள் செய்த வேலை அது, குறை சொல்வதற்கில்லை. ஆனால் வாங்குகிறவர் அந்த ஃபியூஸ் வரிசையை டார்ச் அடித்துப் பார்த்தே ஆக வேண்டும்.

வெண்டிங் மெஷினிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் சம்பாதிக்கும் ஆசையில் அதிகம் பேர் பணத்தை விடுவது அங்கேதான்.

வெளியிலிருந்து பார்த்தால் அது ஒரு ஃப்ரிட்ஜும் சில சுருள் கம்பிகளும்தான். காசு போட்டுப் பொத்தானை அழுத்தினால் அந்தச் சுருளின் பின்னால் இருக்கும் மோட்டார் சரியாக ஒரு சுற்று சுற்றும், சுருள் பழைய இடத்துக்கு வந்துவிட்டதை ஒரு சின்ன சுவிட்ச் சொல்லும், பொருள் முன்னால் வந்து விழும். நல்ல மெஷினாக இருந்தால் கீழே அகச்சிவப்பு சென்சார் இருக்கும். பொருள் விழவில்லை என்று அதற்குத் தெரிந்தால் இன்னொரு முறை சுற்றிப் பார்க்கும், அப்படியும் விழாவிட்டால் காசைத் திருப்பிக் கொடுத்துவிடும். இந்த மோட்டார்களும் சுவிட்சுகளும் எளிதாக மாற்றக்கூடியவை. பத்து சுருளில் இரண்டு சுற்றவில்லை என்பதற்காக ஒரு மெஷினை ஒதுக்க வேண்டியதில்லை.

பயப்பட வேண்டிய இடங்கள் இரண்டு. ஒன்று காசு வாங்கும் பகுதி, மற்றொன்று குளிரூட்டும் பகுதி.

மின்னணுக் காசுப் பகுதியில் விழும் நாணயம் சில கம்பிச் சுருள்களைத் தாண்டி உருளும்போது அவற்றின் மின்காந்தப் புலம் மாறுகிறது. அந்த மாற்றத்தை வைத்துத்தான் நாணயத்தின் அளவையும் தடிமனையும் உலோகத்தையும் மெஷின் கண்டுபிடிக்கிறது. அதாவது எந்த நாணயம் எப்படி இருக்கும் என்ற தகவல் உள்ளே எழுதப்பட்டிருக்க வேண்டும். அரசாங்கம் நாணயத்தை மாற்றினால் அந்தத் தகவலையும் மாற்றியாக வேண்டும். பிரிட்டனில் 2017 மார்ச் 28 அன்று பன்னிரண்டு பக்கம் கொண்ட புதிய ஒரு பவுண்டு நாணயம் வந்தது, பழைய வட்ட நாணயம் அதே ஆண்டு அக்டோபர் 15-க்குப் பிறகு செல்லாமல் போனது. ஜப்பானில் 2021-ல் புதிய 500 யென் நாணயமும் 2024 ஜூலை 3 அன்று புதிய நோட்டுகளும் வந்தன, அங்கே நாடு முழுக்க நிற்கும் லட்சக்கணக்கான மெஷின்களின் காசுப் பகுதிகளை ஒவ்வொன்றாகத் திருத்த வேண்டியிருந்தது. இப்படி ஒரு மாற்றம் வரும் சமயத்தில் பழைய மெஷின்கள் திடீரென்று மலிவாகச் சந்தைக்கு வரும். திருத்தும் செலவுக்கு அது தாங்காது என்று ஆபரேட்டர் முடிவு செய்துவிட்டார் என்பதுதான் அதற்குக் காரணம், மலிவாகக் கிடைக்கிறதே என்று பாய்கிறவர் அந்தச் செலவைத் தன் தலையில் ஏற்றிக்கொள்கிறார்.

இங்கே கேட்க வேண்டிய முக்கியமான கேள்வி: மெஷின் எம்டிபி முறையில் வேலை செய்கிறதா? காசுப் பகுதி, நோட்டு வாங்கும் பகுதி, கார்டு ரீடர் எல்லாம் ஒரே கேபிளில் மெஷினின் மூளையோடு பேசிக்கொள்வதற்கான பொதுவான மொழி அது. அமெரிக்க வெண்டிங் தொழில் சங்கமான நாமா 1990களில் ஏற்றுக்கொண்டு, பிறகு உலகம் முழுக்கப் பரவியது. எம்டிபி இருந்தால் காசுப் பகுதியை எந்தக் கம்பெனியிடமிருந்தும் வாங்கி மாட்டலாம், பின்னால் கார்டு ரீடரும் சேர்க்கலாம். இல்லையென்றால் அந்த மெஷினுக்கென்றே செய்த பழைய பகுதியைத் தேடி அலைய வேண்டும். இரண்டு மெஷின்கள் பார்க்க ஒரே மாதிரி இருந்தும் விலையில் அவ்வளவு வித்தியாசம் ஏன் என்பதற்குப் பல சமயம் இதுதான் விடை.

கார்டு ரீடர் ஏற்கெனவே இருக்கிறது என்று சந்தோஷப்படவும் அவசரப்பட வேண்டாம். ரீடர் பெரும்பாலும் ஒரு மாதச் சந்தாவோடு பழைய உரிமையாளரின் கணக்கில் கட்டப்பட்டிருக்கும், அவர் விடுவித்துக் கொடுக்காத வரை வாங்கியவருக்குப் பிரயோஜனம் இல்லை. அதோடு பழைய ரீடர்கள் பல 3ஜி மோடம் வைத்தவை. அமெரிக்காவில் பெரிய நிறுவனங்கள் 2022-ல் 3ஜி சேவையை மூடியபோது ஒரு பழுதும் இல்லாத ரீடர்கள் பேச ஆளில்லாமல் வாயடைத்துப்போயின.

குளிரூட்டும் பகுதியில் பார்க்க வேண்டியது தகட்டில் எழுதியிருக்கும், குளிர வைக்கும் கேஸின் பெயர். ஆர்-12 என்று இருந்தால் விட்டுவிடுவதே நல்லது. ஓசோன் படலத்தைக் காக்க 1987-ல் கையெழுத்தான மான்ட்ரியல் ஒப்பந்தத்தின்படி 1996 முதல் வளர்ந்த நாடுகளில் அதன் உற்பத்தியே நின்றுவிட்டது, கேஸ் கசிந்தால் அதே கேஸை நிரப்புவது கடினம். ஆர்-134ஏ இருக்கும் மெஷின்கள்தான் பழைய சந்தையில் அதிகம், அவை பரவாயில்லை. புதியவற்றில் புரொப்பேன் இருக்கும், அது எரியும் கேஸ், எனவே தெரிந்தவர் மட்டுமே கை வைக்க வேண்டும். வாங்கும்போது மெஷினைக் குறைந்தது சில மணி நேரம் ஓடவிட்டு உள்ளே வெப்பமானி வைத்துப் பார்க்காமல் "குளிருது சார்" என்ற வார்த்தையை நம்பக் கூடாது. கொண்டுவரும் வழியில் சாய்த்திருந்தால் கம்ப்ரஸர் எண்ணெய் குழாய்க்குள் போயிருக்கும், நேராக நிறுத்திப் பல மணி நேரம் கழித்துத்தான் கரண்ட் கொடுக்க வேண்டும்.

இனி, மெஷினோடு இடத்தையும் சேர்த்து விற்பது. "இருபது மெஷின், இருபதும் நல்ல இடத்தில் நிற்கிறது, அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள், மாதம் இவ்வளவு வரும்" என்று ஒரு பேப்பரை நீட்டுவார்கள். இதில் விலை போவது இரும்புப் பெட்டிகள் இல்லை, அந்த இடங்களோடு இருக்கும் ஒப்பந்தம்தான். இடத்துக்காரர் கையெழுத்துப் போட்டிருக்கிறாரா, அந்த ஒப்பந்தம் புதிதாக வருபவருக்கு மாறுமா, எத்தனை நாள் முன்னறிவிப்பில் வெளியேறச் சொல்லலாம் என்று பார்க்காமல் கை நீட்டக் கூடாது. வெறும் வாய்வார்த்தையில் நிற்கும் மெஷின் என்றால் உங்களுக்குக் கிடைப்பது மெஷின் மட்டும்தான், அந்த விலைக்குத்தான் பேச வேண்டும்.

வரும்படிக் கணக்கை எப்படிச் சரிபார்ப்பது? பெரும்பாலான காசு மெஷின்களுக்குள் திருப்பி வைக்க முடியாத ஒரு சின்ன கவுன்ட்டரோ, மின்னணு மெஷின் என்றால் மொத்த விற்பனைப் பதிவோ இருக்கும். விற்பவர் அனுமதித்தால் இன்றைக்கு எண்ணைக் குறித்துக்கொண்டு சில வாரம் கழித்து மறுபடி போய்ப் பாருங்கள். பேப்பரில் சொன்னதும் கவுன்ட்டர் சொல்வதும் ஒத்துப்போகிறதா என்று தெரிந்துவிடும். அனுமதிக்க மறுத்தால் அதுவே பதில். இந்தத் துறையில் ஏமாற்று வேலை புதிதும் இல்லை. அமெரிக்காவில் இப்படிப் பல இடங்களில் நிற்கும் வெண்டிங் மெஷின்களைக் காட்டிப் பணம் பறிப்பது எவ்வளவு பழைய கதை என்றால், அங்குள்ள கூட்டாட்சி வர்த்தக ஆணையத்தின் தொழில்வாய்ப்பு விதி, 2012 மார்ச் முதல் நடைமுறையில் இருப்பது, இப்படித் தொழில் தொடங்கித் தருவதாக விற்பவர் கையெழுத்துக்குக் குறைந்தது 7 நாள் முன்பே விவரத் தாளைக் கொடுத்தாக வேண்டும் என்று சொல்கிறது. சம்பாத்தியம் பற்றி ஏதாவது சொன்னால் அதற்கு ஆதாரமும் காட்ட வேண்டும். அந்த விதி உங்கள் நாட்டில் இருக்கிறதோ இல்லையோ, 7 நாள் அவகாசம் என்பதை நீங்களே வைத்துக்கொள்ளலாம்.

விளையாட்டு மெஷின்களில் கதை வேறு. இங்கே பழசாக ஆக விலை ஏறும் மெஷினும் உண்டு, எவ்வளவு பழசானாலும் யாரும் சீண்டாத மெஷினும் உண்டு.

பின்பாலைத் திறந்தால் முதலில் கண் போக வேண்டியது தலைப்பெட்டியில் இருக்கும் மூளை போர்டின் பேட்டரிக்கு. ஸ்கோர்களையும் செட்டிங்குகளையும் நினைவில் வைத்திருப்பதற்காக 1970களின் கடைசியில் பேலி என்ற அமெரிக்கக் கம்பெனியின் மெஷின்களில் 3.6 வோல்ட் நிக்கல் கேட்மியம் பேட்டரியைப் போர்டிலேயே சாலிடர் செய்து வைத்தார்கள், 1990களின் வில்லியம்ஸ், பேலி மெஷின்களில் மூன்று சாதாரண பென்சில் பேட்டரிகள் இருக்கும். குடோனில் வருடக்கணக்கில் கிடக்கும்போது இந்த பேட்டரி கசியும். முதலில் பேட்டரியின் முனையில் வெள்ளைப் பொடி மாதிரி தெரியும், அப்புறம் செம்புத் தடங்களில் பச்சையும் நீலமுமாகப் பூத்து, ஐசி எனப்படும் சில்லுகளைச் செருகும் சாக்கெட்டுகளின் கால்களைத் தின்றுகொண்டே கீழே இறங்கும். பச்சைப் பூச்சுக்கு அடியில் தடம் கறுத்திருந்தால் அரிப்பு உள்ளே போய்விட்டது என்று அர்த்தம். துடைத்துச் சுத்தம் செய்து படம் எடுத்துப் போட்டிருப்பார்கள், ஆனால் சாக்கெட்டின் உட்புறத்தைத் துடைக்க முடியாது. ஓடுகிற மெஷினாக இருந்தாலும் இந்த அரிப்பு இருந்தால் அது நிற்கப்போகிற மெஷின். நல்லவேளையாக இந்த போர்டுகளில் பலவற்றுக்குப் புதிதாகச் செய்த மாற்று போர்டுகள் கிடைக்கின்றன. அப்படிக் கிடைக்கும் மெஷின் என்றால் அரிப்பைக் காட்டி விலையைக் குறைத்து வாங்கலாம், கிடைக்காத மெஷின் என்றால் கும்பிடு போட்டுவிட்டு வரலாம்.

அடுத்தது ஆடுகளம். பந்து ஓடும் மரப்பலகையில் வண்ணம் தேய்ந்து மரம் தெரிகிறதா, பின்கண்ணாடியின் ஓவியம் செதில் செதிலாக உரிகிறதா என்று பாருங்கள். மின்சுருள், ரப்பர், பல்பு எல்லாம் வாங்கி மாட்டிவிடலாம், உரிந்துபோன ஓவியத்தை அப்படிச் செய்ய முடியாது. அரிதாக இருந்தால்தான் விலை அதிகம் என்று நினைப்பதும் தவறு. 1992-ல் பேலி வெளியிட்ட 'தி ஆடம்ஸ் ஃபேமிலி' பின்பால் 20,000-க்கு மேல் விற்றது, நவீன பின்பால்களில் அதுதான் அதிக எண்ணிக்கை, ஆனாலும் இன்றுவரை சேகரிப்பாளர்கள் விரட்டி வாங்கும் மெஷின் அது. விளையாட நன்றாக இருக்கிறது, எல்லோருக்கும் தெரிகிறது, நிறையச் செய்ததால் சாமானும் கிடைக்கிறது.

வீடியோ கேம் பெட்டிகளில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் 1985-ல் ஜப்பானில் வந்த ஜாமா இணைப்பு. 56 முனைகள் கொண்ட ஒரே இணைப்பான், அதில் மின்சாரம், படம், ஒலி, பொத்தான்கள் எல்லாம் அடங்கிவிடும். ஜாமா பெட்டி ஒன்று இருந்தால் எத்தனையோ கேம் போர்டுகளை மாற்றி மாற்றிச் செருகலாம். அதற்கு முந்தைய பெட்டிகளில் ஒவ்வொரு கேமுக்கும் வேறு வேறு ஒயரிங். ஆபரேட்டர்கள் கேம் படுத்தவுடன் பெட்டிக்குப் புது பெயின்ட் அடித்து, வேறு போர்டைப் போட்டு மறுபடி சம்பாதிக்க அனுப்பிவிடுவார்கள், அதனால் ஒட்டப்பட்ட ஸ்டிக்கருக்கு அடியில் 1980களின் தொடக்கத்துப் பெட்டி ஒன்று ஒளிந்திருக்கலாம். பக்கவாட்டில் வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்தால் பழைய படத்தின் விளிம்பு மேடாகத் தெரியும். உள்ளே இருக்கும் தகட்டின் வரிசை எண்ணையும் போர்டின் எண்ணையும் ஒப்பிட்டால் இன்னும் தெளிவாகும்.

பழைய டிவியில் இருப்பது போன்ற குழாய்த் திரையை எடுத்துவிட்டுத் தட்டைத் திரை வைத்திருந்தால் சேகரிப்பாளர் விலை குறைப்பார். அந்தத் திரைகளை இப்போது யாரும் புதிதாகச் செய்வதில்லை. ஒரே படம் வருடக்கணக்கில் ஓடியதால் 'பேக்மேன்' பெட்டிகளின் திரையில் அந்தப் பாதைக் கட்டம் அணைத்த பிறகும் நிழலாகத் தெரியும், அதனால் திரையை ஓடும்போதும் அணைத்த பிறகும் பார்க்க வேண்டும். திரையின் பின்பக்கம் 20,000 வோல்ட்டுக்கு மேல் போகும், அணைத்த பிறகும் தங்கியிருக்கும். பழக்கமில்லாதவர்கள் தயவுசெய்து கை வைக்காதீர்கள்.

காப்காம் என்ற ஜப்பானிய கேம் கம்பெனியின் சிபிஎஸ்-2 போர்டுகளைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. திருட்டு நகல்களைத் தடுக்க அந்த போர்டில் கேமின் மறைகுறிச் சாவியை பேட்டரியில் உயிரோடு இருக்கும் நினைவகத்தில் வைத்தார்கள். பேட்டரி செத்தால் சாவி அழிந்துவிடும், கேமும் அதோடு சரி. உடைந்தது எதுவும் இல்லை, ஆனால் ஓடாது. ஆர்வலர்கள் பல வருடம் மெனக்கெட்டு, சாவியை மறுபடி எழுதும் வழியைக் கண்டுபிடித்துவிட்டார்கள், குப்பைக்குப் போயிருக்க வேண்டிய போர்டுகள் இன்று மறுபடி விற்கப்படுகின்றன. ஒரு பழைய மெஷினின் விலை அதைப் பழுது பார்க்கும் அறிவைப் பொறுத்து ஏறி இறங்குகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

அந்த அறிவு உள்ளே போகவே முடியாத மெஷின்கள் இப்போது வருகின்றன என்பதுதான் என் கவலை. கடந்த 20 வருடங்களில் ஜப்பானியக் கம்பெனிகள் வெளியிட்ட பெரிய கேம் மெஷின்களில் பல, கோனாமியின் இ-அம்யூஸ்மென்ட், சேகாவின் ஆல்நெட் போன்ற வலையமைப்புகளோடு இணைந்தே ஓடுகின்றன. ஒப்பந்தம் ஆபரேட்டரோடு. அவர் மெஷினை விற்றுவிட்டால் வாங்கியவருக்கு அந்த ஒப்பந்தம் வருவதில்லை, சில மெஷின்கள் முழுதாக ஓடாது, சிலவற்றில் பாதி வசதிகள் மூடப்பட்டிருக்கும். 1978-ன் 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' பெட்டியை இன்றைக்கும் சாலிடரிங் அயர்ன் ஒன்றோடு உட்கார்ந்து எழுப்பிவிடலாம். சர்வரை நம்பி ஓடும் 2015-ன் மெஷினை அந்த சர்வர் மறுத்துவிட்டால் அப்படி எழுப்ப முடியாது. இவற்றைப் பழைய மெஷினாக வாங்குமுன், வலையமைப்பு இல்லாமல் விற்பவர் ஓட்டிக் காட்டட்டும், அப்புறம் பேசலாம்.

சட்டத்தையும் ஒரு கண் பார்த்துவிட வேண்டும். நியூயார்க் நகரத்தில் மேயர் ஃபியோரெல்லோ லா கார்டியா 1942-ல் பின்பாலைச் சூதாட்டம் என்று தடை செய்தார், போலீஸ் சம்மட்டியால் மெஷின்களை உடைத்தது. நகரசபை முன்னால் ரோஜர் ஷார்ப் என்ற பின்பால் ஆட்டக்காரர் விளையாடிக் காட்டி, இது திறமையில் ஜெயிக்கும் விளையாட்டு என்று நிரூபித்த 1976-ல்தான் தடை போனது. பின்பாலுக்கு இன்று அந்தத் தொல்லை இல்லை. ஆனால் காசு கொட்டும் ஸ்லாட் மெஷின்களை மாநிலம் விட்டு மாநிலம் கொண்டுபோவதை அமெரிக்காவில் 1951-ன் ஜான்சன் சட்டம் இன்னும் கட்டுப்படுத்துகிறது, பல மாநிலங்களில் குறிப்பிட்ட வயதைத் தாண்டிய பழம்பொருளாக இருந்தால் மட்டும் வீட்டில் வைத்துக்கொள்ளலாம். பொம்மை பிடிக்கும் மெஷின்களில் கொக்கியின் பிடிபலத்தையும், எத்தனை ஆட்டத்துக்கு ஒருமுறை முழுப் பலத்தோடு பிடிக்க வேண்டும் என்பதையும் உள்ளேயே செட் செய்யலாம். சில நாடுகளில் அதற்கு வரம்பு உண்டு, வாங்கியவுடன் அந்த செட்டிங்கைத் திறந்து பார்ப்பது விளையாட வருகிறவர்களுக்கு நீங்கள் காட்ட வேண்டிய குறைந்தபட்ச நேர்மை.

வெளிநாட்டு மெஷின் என்றால் மின்சாரமும் ஒரு செலவு. ஜப்பானில் 100 வோல்ட், அமெரிக்காவில் 120, பெரும்பாலான மற்ற நாடுகளில் 230 சொச்சம். பின்பாலில் டிரான்ஸ்ஃபார்மரின் இணைப்பை மாற்றினால் பல சமயம் போதும், கம்ப்ரஸர் உள்ள மெஷினில் மின்சாரத்தின் அலைவெண்ணான ஹெர்ட்ஸும் ஒத்துவர வேண்டும். எடையை மறந்துவிடாதீர்கள்: பின்பால் நூறு கிலோவைத் தாண்டும், கண்ணாடி முகப்பு வெண்டிங் மெஷின் முந்நூறு கிலோவையும் தாண்டலாம். பின்பாலுக்குக் கால்களைக் கழற்றித் தலைப்பெட்டியை மடித்துவிடலாம். வெண்டிங் மெஷினுக்கு வாசல் அகலத்தை அளந்துவிட்டுத்தான் வண்டி பேச வேண்டும்.

விற்கிறவர்களுக்குச் சில வார்த்தைகள். சாவியைத் தேடி எடுங்கள், சாவி இல்லாத மெஷினின் பூட்டைத் துளை போட்டுத் திறக்க வேண்டியிருக்கும், உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் வாங்குகிறவர் மோசமானதையே எதிர்பார்த்து விலை சொல்வார். உள்ளே கிடக்கும் சர்க்யூட் படங்கள், கையேடு, ஆபரேட்டர் எழுதிவைத்த பழுதுக் குறிப்புச் சீட்டு எதையும் தூக்கிப் போடாதீர்கள், அவை மெஷினோடு போக வேண்டியவை. போர்டுகளைக் கிட்டத்தில் படம் எடுத்துப் போடுங்கள், அரிப்பு இருந்தால் அதையும் சேர்த்துத்தான், மறைத்து விற்றால் தெரிந்தவர் நேரில் வந்து கண்டுபிடித்துவிட்டுப் போய்விடுவார், தெரியாதவர் வாங்கிக்கொண்டுபோய் ஏமாறுவார். முழு மெஷினாக விலை போகாது என்றால் பிரித்து விற்பதில் தவறில்லை, எங்கேயோ ஒருவர் அதே போர்டுக்காகக் காத்திருப்பார். ஆனால் ஓடக்கூடிய மெஷினைக் கூடுதல் காசுக்காகப் பிரிக்காதீர்கள், அந்த மாடலில் ஒன்று நிரந்தரமாகக் குறைந்துவிடும். விற்க இன்னும் நாள் ஆகும் என்றால் இன்றைக்கே திறந்து, கழற்ற முடிகிற பேட்டரிகளைக் கழற்றி வெளியே வையுங்கள், சாலிடர் செய்ததாக இருந்தால் தெரிந்தவரைக் கூப்பிட்டு வெட்டி எடுத்துவிடுங்கள்.